குறித்து வாங்கும் நன்கொடையா, பொது நிதியா?

நிவாரண அமைப்புக்காகப் பெரும் செல்வந்தரிடம் போனால், இந்தப் பேரிடருக்கு என்று குறித்து வாங்கலாம். தேவைப்படும் இடத்தில் செலவிடும் பொது நிதியாகவும் வாங்கலாம். முன்னது சுலபம். டிவியில் வெள்ளம் ஓடும்போதே செக் வந்துவிடும். ஆனால் அந்தப் பணத்தை வேறு பக்கம் நகர்த்த முடியாது.

2004 சுனாமிக்குப் பணம் குவிந்தபோது, எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு சில நாட்களிலேயே சுனாமிக்கென இனி வேண்டாம் என்று அறிவித்தது. அப்புறம், மிஞ்சியதை வேறு நெருக்கடிகளுக்குச் செலவிடலாமா என்று கொடுத்தவர்களிடமே அனுமதி கேட்டது. பெரும்பாலோர் சரி என்றார்கள்.

பொது நிதிக்குப் பொறுமை வேண்டும்: பல சந்திப்புகள், தணிக்கை அறிக்கைகள். ஆனால் கிடங்கு வாடகையும் ஓட்டுநர் சம்பளமும் அதில்தான் ஓடும். அமெரிக்கப் பெரும் செல்வந்தர் மெக்கன்சி ஸ்காட் இப்படித்தான் நிபந்தனையின்றித் தருகிறார். என் ஓட்டு இதற்கே. முதல்முறை கொடுப்பவர் தயங்கினால் குறித்தே வாங்குங்கள். மிஞ்சினால் மாற்றிக்கொள்ள எழுத்தில் ஒப்புதலும் வாங்கிவிடுங்கள்.