நாக்கில் வந்த அபூர்வப் புற்றுநோய்: தஞ்சாவூர் மருத்துவமனை ஒன்றில் எங்கள் அனுபவம்

நாங்கள் திருவாவடுதுறைப் பக்கம். அண்ணன் நாகஸ்வரம், நான் தவில். வாயில் வைத்து ஊதும் சீவாளியை வைத்தாலே நாக்கின் வலது ஓரம் மரத்துப்போகிறது, நாக்கால் தட்டி வாசிக்கும் துத்துக்காரம் சுத்தமாக விழவில்லை என்று ஒரு முகூர்த்த சீசன் முழுக்க அண்ணன் சொல்லிக்கொண்டிருந்தார். புண் இல்லை, தடவினால் உள்ளே பட்டாணி அளவு கட்டி. பக்கத்து ஊர் கிளினிக்கில் பல் குத்துகிறது என்று பல்லை ராவி, ஜெல் கொடுத்து அனுப்பினார்கள். அதிலேயே பல மாதம் போய்விட்டது.

இந்த மருத்துவமனையில் டாக்டர் கையுறை போட்டு நாக்கையும் கழுத்தையும் நிதானமாகத் தடவிப் பார்த்தார். மரத்துப்போகும் இடத்தை விரல் வைத்துக் காட்டச் சொன்னார். பயாப்சியில் வந்தது அடினாய்டு சிஸ்டிக் கார்சினோமா. வாய் முழுக்க 600 முதல் 1000 வரை பொடி உமிழ்நீர்ச் சுரப்பிகள் உண்டாம், நாக்கிலும்தான். அவற்றில் முளைப்பது இது. மெதுவாக வளரும், ஆனால் நரம்பைப் பிடித்துக்கொண்டு ஊரும், மரத்துப்போனது அதனால்தான். நரம்பைப் பார்க்க எம்ஆர்ஐ, நுரையீரலுக்குப் பரவியிருக்கிறதா என்று பார்க்க நெஞ்சுக்கு சிடி.

தினமும் வெற்றிலை மடித்துக் கொடுத்தது அண்ணிதான். அதனால்தான் வந்தது என்று சொந்தக்காரர்கள் பேசிப் பேசி அவரை நோகடித்திருந்தார்கள். டாக்டர் அண்ணியை உட்கார வைத்து, "பாக்கு, புகையிலையால வர்றது வேற வகைம்மா, இது அது இல்ல. பாக்கை மட்டும் விடச் சொல்லுங்க" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கே நான் இவர்களுக்குக் கடமைப்பட்டிருக்கிறேன்.

கட்டியைச் சுற்றி நல்ல சதையும் சேர்த்து வெட்டி எடுத்தார்கள். அப்புறம் ஆறு வாரம் கதிர்வீச்சு, திங்கள் முதல் வெள்ளி வரை. இந்த வகைக்குக் கீமோ பெரிதாக வேலை செய்யாது என்று முன்பே சொல்லிவிட்டார்கள். கதிர்வீச்சுக்குப் பிறகு பல் பிடுங்கினால் எலும்பு ஆறுவது கஷ்டம் என்பதால், அதற்கு முன்பே பல் டாக்டரிடம் அனுப்பினார்கள். பேச்சுப் பயிற்சி தரும் அம்மா சீவாளியைக் கொண்டுவரச் சொல்லி, துத்துக்காரத்தையே பயிற்சியாக வைத்தார். எச்சில் ஊறாததால் இப்போது அண்ணன் சீவாளியைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு வீட்டில் வாசிக்கிறார். கச்சேரிக்கு இன்னும் போகவில்லை.

ஒரு நட்சத்திரம் குறைத்திருக்கிறேன். கதிர்வீச்சுக்குப் பத்து மணி என்பார்கள், கூப்பிடும்போது பன்னிரண்டு ஆகிவிடும். கேன்டீனில் காரமில்லாமல் ஒன்றும் கிடைக்காது; வாய் வெந்து கிடப்பவர் எதைச் சாப்பிடுவார்? தெரிந்தவர் வீட்டில் மோர்சாதம் கரைத்து வாங்கி வந்தோம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை எடுத்துக்கொண்டார்கள், ஜெராக்ஸுக்குத்தான் அலைச்சல்.

ஐந்து வருஷம் தாண்டினால் ஆபத்து இல்லை என்பது இந்த நோய்க்குப் பொருந்தாது, பத்து வருஷம் கழித்தும் நுரையீரலில் தலைகாட்டலாம் என்று சொல்லி, தொடர்ந்து ஸ்கேன் எடுக்க அட்டவணை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். வேறு இடத்தில் பயாப்சி எடுத்தவர்கள் ரிப்போர்ட்டோடு ஸ்லைடு (சதையைச் சீவி வைத்த கண்ணாடித் துண்டு), பிளாக் (சதையை மெழுகில் பதித்த கட்டி) இரண்டையும் கேட்டு வாங்கி வாருங்கள். இங்கே மறுபடி பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்வார்கள்.