2 கிலோவாட் ஒருமுனை இன்வெர்ட்டர்: ஐஜிபிடியா, சிலிக்கான் கார்பைடா?

400 வோல்ட் நேர்மின்சாரத்தை வீட்டுக்கான 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மாறுமின்சாரமாக்கும் இன்வெர்ட்டர். மின்சாரத்தின் திசையை மாற்றி மாற்றித் திருப்பும் அதன் பாலச் சுற்றில் நான்கு டிரான்சிஸ்டர் ஸ்விட்ச்கள். அவற்றுக்குப் போட்டி இரண்டு: சிலிக்கானால் ஆன ஐஜிபிடி (IGBT) என்ற டிரான்சிஸ்டர், சிலிக்கான் கார்பைடால் ஆன மாஸ்ஃபெட் (MOSFET) என்ற டிரான்சிஸ்டர். நான் தேர்ந்தெடுத்தது 650 வோல்ட் சிலிக்கான் கார்பைடு மாஸ்ஃபெட். ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்பதில் ஒளிவுமறைவு இல்லை.

ஐஜிபிடி மலிவு, எளிதில் கிடைக்கும். ஷார்ட் சர்க்யூட்டைப் பல ஐஜிபிடிகள் 5 மைக்ரோவினாடி தாங்கும். சிலிக்கான் கார்பைடு பெரும்பாலும் 2 அல்லது 3 தான். பாதுகாப்புச் சுற்று அதற்குள் விழித்துக்கொள்ள வேண்டும். சாதாரண சிலிக்கான் மாஸ்ஃபெட்டை நான் பரிசீலிக்கவே இல்லை. அணைய மிக மெதுவான அதன் உள் டயோடு இந்தப் பாலத்துக்கு ஆகாது.

முழுச் சுமையில் 8.7 ஆம்பியர் ஓடும். எப்போதும் இரண்டு ஸ்விட்ச்கள் அந்தப் பாதையில் இருக்கும். ஐஜிபிடியில் தலைக்கு 1.6 வோல்ட் விழுந்தால், மின்சாரம் கடந்து செல்வதாலேயே வெப்பமாகும் கடத்தல் இழப்பு 25 வாட். சூடான நிலையில் 75 மில்லிஓம் உள்ள மாஸ்ஃபெட்டில் 11 வாட்.

என்னை முடிவெடுக்க வைத்தது ஸ்விட்ச்சிங் இழப்பு, அதாவது ஒவ்வொரு முறை ஆன், ஆஃப் ஆகும்போதும் வீணாவது. ஐஜிபிடி அணைவதை ஆசிலாஸ்கோப்பில் பார்த்தால் தெரியும்: மின்னழுத்தம் 400 வோல்ட்டுக்கு ஏறிவிட்ட பிறகும் மின்னோட்டம் உடனே நிற்காமல் வாலாக இழுபடும். இரண்டின் பெருக்கலும் வெப்பமாகிறது. சாதனம் சூடாகச் சூடாக வாலும் நீளும். ஆன் ஆகும்போது வேறொரு தொல்லை: எதிர்ப்பக்க டயோடு, தன்னுள் தேங்கிய மின்னூட்டம் வடியும்வரை பின்னோக்கிக் கடத்தும். தவறு டயோடுடையது, தண்டனை ஸ்விட்ச்சுக்கு. தரவுத்தாளில் ஆன் ஆகும்போதைய இழப்பைப் படிக்கும்போது, எந்த டயோடுடன் அளந்தார்கள் என்பதையும் பாருங்கள். ஐஜிபிடியுடன் சிலிக்கான் கார்பைடு டயோடு சேர்ந்த கலப்பு வகை இந்தப் பாதியைத் தீர்க்கும். வால் அப்படியே இருக்கும்.

உச்ச மின்னோட்டத்தில் ஒருமுறை ஆன் ஆகி அணைய ஐஜிபிடிக்கு 0.4 மில்லிஜூல், சிலிக்கான் கார்பைடுக்கு 0.1 என்று வைத்துக்கொள்வோம். சைன் அலைக்குச் சராசரி எடுத்தால், 20 கிலோஹெர்ட்சில் (வினாடிக்கு 20,000 முறை) பாலம் முழுவதற்கும் 10 வாட், 2.5 வாட். ஆகக் கூட்டினால் 35 வாட்டுக்கு எதிராக 14 வாட்டுக்கும் குறைவு. இரண்டாவதை விசிறியே இல்லாத ஹீட்சிங்க்கில் ஆற்றிவிடலாம். தூசி படியும் இடத்தில் முதலில் மண்டையைப் போடுவது அந்தக் குட்டி விசிறிதான் என்பது பழுது பார்ப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும்.

ஸ்விட்ச்சிங் வேகத்தை 100 கிலோஹெர்ட்சுக்கு ஏற்றும் ஆசை வரும். வெளியீட்டு அலையைச் சீராக்கும் சுருளான சோக் சிறிதாகும், உண்மைதான். ஆனால் ஒருமுனை மின்சாரம் 400 வோல்ட் பக்கத்தில் உண்டாக்கும் 100 ஹெர்ட்ஸ் அலைவு அதனால் குறையாது. 20 வோல்ட் அலைவுக்குள் அடக்க 800 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் எப்படியும் வேண்டும். மிகச் சிறிய 2 கிலோவாட் இன்வெர்ட்டருக்காகக் கூகுள் நடத்திய லிட்டில் பாக்ஸ் போட்டியில் 2016-இல் வென்ற பெல்ஜியக் குழு, இன்னும் வேகமான காலியம் நைட்ரைடு ஸ்விட்ச்களோடு நிற்காமல், இந்த அலைவை அடக்கவும் தனிச் சுற்று வைக்க வேண்டியிருந்தது. நான் 20-லேயே நிறுத்திக்கொண்டேன்.

காலியம் நைட்ரைடை நான் கையாண்டதில்லை. சிலிக்கான் கார்பைடு ஸ்விட்ச்சை இயக்கும் முனையான கேட் பல கோடைகளைத் தாங்குமா என்பதற்கும் என் கருவி இன்னும் சாட்சி சொல்லும் வயதை எட்டவில்லை. சுமை எப்போதும் முழு அளவில் ஓடி, விசிறியைத் துடைக்க ஆளும் இருந்து, விலையும் உறுத்துகிறது என்றால் ஐஜிபிடியை வாங்குங்கள். 16 கிலோஹெர்ட்சுக்கு மேல் மட்டும் போகாதீர்கள்.