ஜிங்ஷானா, வான்ஷோ மலையா?

பெய்ஜிங்கில் ஒரு குன்றில்தான் ஏற நேரம் இருக்கிறது என்றால் எதில் ஏறலாம்?

ஜிங்ஷான் முழுக்க மனிதர் குவித்த மண். மிங் பேரரசர் யொங்லே காலத்தில் தடைசெய்யப்பட்ட நகரம் எனப்படும் அரண்மனையின் அகழிக்காக வெட்டிய மண்தான் சுமார் 45 மீட்டர் உயரத்துக்கு நிற்கிறது. மேலே உள்ள ஐந்து மண்டபங்கள் பின்னாளில், சிங் பேரரசர் சியென்லுங் காலத்தில் வந்தவை.

வான்ஷோ, கோடை அரண்மனைப் பூங்காவில் உள்ள இயற்கைக் குன்று. பழைய பெயர் ஜாடி மலை. சியென்லுங் தன் தாயின் 60ஆம் பிறந்தநாளுக்காக அடிவாரத்து ஏரியை அகலப்படுத்தி, தோண்டிய மண்ணைக் கொண்டே குன்றின் வடிவத்தைத் திருத்தினார். நீண்ட ஆயுளைக் குறிக்கும் பெயரையும் வைத்தார். 1860இல் ஆங்கிலேய, பிரெஞ்சுப் படைகள் அங்கிருந்த கட்டடங்களுக்குத் தீ வைத்தன. அப்புறம் சீஷி பேரரசி காலத்தில் அவை மீண்டும் எழுந்தன.

தடைசெய்யப்பட்ட நகரத்தின் மஞ்சள் கூரைகளைப் பார்க்க ஜிங்ஷான் போதும். ஆனால் குன்றும் நீரும் கட்டடமும் ஒரே ஓவியமாய்ச் சேர்வது வான்ஷோவில்தான். நான் அதற்கே போவேன்.