காளானா, கெட்டமைனா? மருந்துக்குக் கேட்காத மனச்சோர்வும் இரண்டு வழிகளும்

என் அக்கா மகனுக்கு வயது 26. மூன்று ஆண்டுகளாக மனச்சோர்வு. இரண்டு வகை மாத்திரைகளை முழு அளவில், மாதக்கணக்கில் சாப்பிட்டுப் பார்த்துவிட்டான். தூக்கமும் வரவில்லை, துக்கமும் போகவில்லை. தீபாவளிக்கு வந்திருந்தபோது மொட்டை மாடியில் என்னிடம் தனியாகக் கேட்டான்: “மாமா, கொடைக்கானல் காளானில் இதற்கு மருந்து இருக்கிறதாமே?”

அதட்டி அனுப்பியிருக்கலாம். போதைக்காகக் கேட்கவில்லை என்பது அவன் முகத்திலேயே தெரிந்ததால் மனம் வரவில்லை. ஆய்வுகளைத் தேடிப் படித்தேன், மனநல மருத்துவரிடமும் பேசினேன். அவனுக்கு நான் சொன்ன பதில் இதுதான்: காளானில் மருந்து இருக்கலாம், ஆனால் இன்றைக்கு உனக்கான வழி அது இல்லை. இதை விளக்க, அதோடு போட்டியிடும் கெட்டமைன் என்ற மயக்க மருந்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

இரண்டும் வந்த பாதைகள் வேறு. மெக்சிகோவின் ஒஹாக்கா மலைகளில் மசாட்டெக் மக்கள் நோய் தீர்க்கும் இரவுச் சடங்குகளில் உண்டுவந்த காளான் வகை அது. அதன் சாரமான சைலோசைபினை 1958இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ஆல்பர்ட் ஹாஃப்மன் பிரித்தெடுத்தார். கெட்டமைன் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. 1962இல் கால்வின் ஸ்டீவன்ஸ் உருவாக்கினார், 1970இல் அமெரிக்காவில் மயக்க மருந்தாக அனுமதி பெற்றது. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது, நம் ஊர் அறுவை அரங்குகளிலும் அன்றாடம் பயன்படுகிறது.

சைலோசைபின் உடலுக்குள் சைலோசினாக மாறி, மூளையில் செரட்டோனின் என்ற வேதிப்பொருளுக்கான ஏற்பிகளில் ஒரு வகையைத் தூண்டுகிறது. நான்கு முதல் ஆறு மணி நேரம் காட்சிகள் உருமாறும், காலம் நீளும், ‘நான்’ என்ற எல்லை கரையும். சிலருக்கு அது பேரமைதி, சிலருக்குப் பெரும் பீதி. ஒரே ஆளுக்கு ஒரே பகலில் இரண்டும் நேரலாம். கெட்டமைன், குளுட்டமேட் என்ற இன்னொரு மூளை வேதிப்பொருளின் வழியாக வேலை செய்கிறது. மனச்சோர்வுக்கு வழக்கமான அளவு, உடல் எடையில் கிலோவுக்கு அரை மில்லிகிராம். 40 நிமிடங்களில் ரத்தக்குழாய் வழியே சொட்டுச் சொட்டாக மெல்ல ஏற்றுகிறார்கள். உடலை விட்டு மிதப்பது போன்ற உணர்வு வந்து, ஓரிரு மணி நேரத்தில் அடங்கிவிடும்.

கெட்டமைனின் கவர்ச்சி அதன் வேகம். 2006இல் அமெரிக்கத் தேசிய மனநல ஆய்வு நிறுவனம் 18 பேரிடம் நடத்திய சிறு ஆய்வில், மருந்து பெற்றவர்களில் 71 சதவீதத்தினருக்கு ஒரே நாளில் கணிசமான முன்னேற்றம் தெரிந்தது. வாரக்கணக்கில் காத்திருந்து பழகியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய செய்தி! ஆனால் அப்படி முன்னேறியவர்களில் ஒரு வாரம் அந்த நிலை நீடித்தது ஏறத்தாழ பாதிப் பேருக்குத்தான். அதனால்தான் திரும்பத் திரும்பக் கொடுக்க வேண்டியிருக்கிறது. 2019இல் அமெரிக்கா அனுமதித்த எஸ்கெட்டமைன் (கெட்டமைனின் ஒரு வடிவம்) மூக்குத் தெளிப்பானையும் முதல் மாதத்தில் வாரம் இருமுறை, மருத்துவர் கண்பார்வையில் எடுத்து, இரண்டு மணி நேரம் அங்கேயே இருக்க வேண்டும். மூளைக்கு மின்சாரம் செலுத்தும் மின்னதிர்வுச் சிகிச்சையோடு ஒப்பிட்ட 2023ஆம் ஆண்டின் பெரிய ஆய்வில் கெட்டமைன் 55 சதவீதத்தினருக்கும், மின்னதிர்வு 41 சதவீதத்தினருக்கும் பலன் தந்தது. மனப்பிறழ்வு (இல்லாததைக் காண்பது, கேட்பது, நம்புவது) கலந்த மனச்சோர்வு உள்ளவர்களை அதில் சேர்க்கவில்லை.

சைலோசைபினின் கவர்ச்சி வேறு: ஒரு முறை எடுத்தால் வாரக்கணக்கில் பலன். இந்த நம்பிக்கையை எண்கள் கொஞ்சம் அடக்குகின்றன. 2022இல் வெளியான, 233 பேர் பங்கேற்ற ஆய்வில் ஒரே ஒருமுறை 25 மில்லிகிராம் எடுத்தவர்களில் 37 சதவீதத்தினருக்கு மூன்றாம் வாரத்தில் பலன் தெரிந்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் பெயரளவுக்கு ஒரு மில்லிகிராம் எடுத்தவர்களில் 18 சதவீதம். பன்னிரண்டாம் வாரம் வரை அது நிலைத்தது 20 சதவீதத்தினருக்கு, ஒரு மில்லிகிராம் குழுவில் 10. எஸ்சிட்டலோப்ராம் என்ற சாதாரண மனச்சோர்வு மாத்திரையோடு மோதவிட்ட 2021ஆம் ஆண்டு ஆய்வில், முதன்மை அளவுகோலில் தெளிவான வேறுபாடு கிடைக்கவில்லை. இன்னொரு சிக்கலும் உண்டு. இம்மருந்தை எடுத்தவருக்கு எடுத்தது தெரிந்துவிடும், எடுக்காதவருக்கும் தெரிந்துவிடும். எதிர்பார்ப்பு எவ்வளவு, மருந்து எவ்வளவு என்று பிரிப்பது கடினம். கெட்டமைனுக்கும் இக்குறை பொருந்தும்.

ஆபத்துகளுக்கு வருவோம், நான் அதிகம் கவலைப்படும் இடம் இது. சைலோசைபின் எளிதில் அடிமைப்படுத்துவதில்லை. ஆனால் மனப்பிறழ்வோ இருமுனையப் பிறழ்வோ (அதீத உற்சாகமும் சோர்வும் மாறிமாறி வருவது) உள்ளவர்களை மட்டுமல்ல, நெருங்கிய ரத்த உறவில் அவை இருப்பவர்களையும் பல ஆய்வுகள் சேர்த்துக்கொள்வதில்லை. இருமுனையப் பிறழ்வுக்குத் தரப்படும் லித்தியம் சாப்பிடுபவர்களுக்கு வலிப்பு வந்ததாகப் பதிவுகள் உண்டு. காளானை நம்பி, சாப்பிட்டுவரும் மாத்திரையைத் தானாக நிறுத்துவது தனி ஆபத்து. 2022 ஆய்வில் தற்கொலை எண்ணங்கள் எல்லாக் குழுக்களிலும் தலைகாட்டின. அங்கே கவனிக்க ஆள் இருந்தார்கள்.

கெட்டமைன் ரத்த அழுத்தத்தை உயர்த்தும், குமட்டும். பழக்கமாகவும் ஆகும். போதைக்காக நெடுநாள் எடுப்பவர்களுக்குச் சிறுநீர்ப்பை சுருங்கிப் புண்ணாகிறது. நடிகர் மேத்யூ பெர்ரி 2023இல் இறந்தது மருத்துவமனைச் சொட்டால் அல்ல, கட்டுப்பாடின்றி எடுத்த கெட்டமைனால். பாதுகாப்பு என்பது அளவையும், பக்கத்தில் இருக்கும் ஆளையும் பொறுத்தது.

கொடைக்கானலில் சுற்றுலாப் பயணிகளுக்கு ரகசியமாக விற்கப்படும் காளான் இந்த ஒப்பீட்டுக்குள்ளேயே வராது. ஆய்வில் கொடுப்பது தூய சைலோசைபின், அளந்த மில்லிகிராம், நாள் முழுவதும் உடனிருக்கும் பயிற்சி பெற்றவர்கள். மலையில் கிடைப்பதில் எவ்வளவு சாரம் இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது. ஒத்த தோற்றமுள்ள பழுப்புக் காளான்கள் சிலவற்றில் ஈரலை அழிக்கும் அமடாக்சின் என்ற நஞ்சு இருக்கிறது. அதன் வாந்தி வயிற்றுப்போக்கு பல மணி நேரம் கழித்தே தொடங்கும், இடையில் குணமானது போலத் தோன்றும், பிறகுதான் ஈரல் செயலிழக்கும்.

சட்டமும் ஒரே மாதிரி நிற்கவில்லை. ஆஸ்திரேலியா 2023 ஜூலை முதல், அனுமதி பெற்ற மனநல மருத்துவர்கள் சைலோசைபின் எழுதித்தர இடம் கொடுத்திருக்கிறது. இந்தியாவில் அது 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது. கெட்டமைனும் கடுமையான கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது, ஆனால் மருத்துவர் வழியாகக் கிடைக்கும்.

இவ்வளவையும் அவனிடம் சொன்னேன். உயிரே வேண்டாம் என்று தோன்றும் ஓர் இரவில் காளானையும் தேடாதே, ஊசிக்கும் காத்திருக்காதே, 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கோ எனக்கோ உடனே கூப்பிடு என்றேன். பிறகு மருத்துவரிடம் போனோம். அவர் முதலில் கேட்டது குடும்பத்தைப் பற்றி. அவனுடைய சித்தப்பா இளவயதில் மனப்பிறழ்வுக்கு ஆளானதை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை, அன்றைக்குத்தான் அக்கா சொன்னாள். மருத்துவர் அதைக் குறித்துக்கொண்டு நெடுநேரம் விசாரித்தார். ரத்த அழுத்தம் பார்த்தார், இதயச் சோதனைக்கு எழுதிக் கொடுத்தார், மாத்திரையை நிறுத்தக்கூடாது என்றார்.

கெட்டமைன் முதல் சொட்டு அடுத்த செவ்வாய்க்கிழமை. கூடவே நான் இருப்பேன். மறுநாள் காலை வரை அவன் வண்டி ஓட்டக்கூடாது, சாவியை இப்போதே வாங்கி வைத்துவிட்டேன்.