ஜாக்கி ஜோடிக்கு 799 ரூபாய்: ஒரு போக்கர் பயிற்சிச் செயலி

ஆண்டுச் சந்தா 799 ரூபாய். பெயர் வேண்டாம், இந்த மாதிரிச் செயலிகள் ப்ளே ஸ்டோரில் நாலைந்து கிடக்கின்றன, எல்லாம் ஏறக்குறைய ஒரே அச்சுதான். இதில் பணம் வைத்து ஆட முடியாது. காசு கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கு 2025 ஆகஸ்டிலேயே மத்திய அரசு தடைச் சட்டம் கொண்டுவந்துவிட்டது. இது கேள்வி கேட்கும், பதிலுக்கு மார்க் போடும், அவ்வளவுதான்.

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்தில் ஓர் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுக்குத் தடைக்காலம். நாட்டுப்படகுக்காரர்கள் வாங்கிப்போகிற ஐஸ் போக, மற்ற நேரம் சும்மாதான். சாயங்காலம் வலைக் கொட்டகையில் சீட்டு. ரம்மி ஆடிக்கொண்டிருந்த கூட்டத்துக்கு ஹோல்டெம் (கையில் ஆளுக்கு இரண்டு சீட்டு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து வைத்து ஆடும் போக்கர்) பழக்கிவிட்டது துபாயிலிருந்து லீவில் வந்த கீழக்கரை மச்சான். சிப்ஸுக்குப் பதில் சோழி, ஆளுக்கு 200. ஒவ்வோர் ஆட்டத்திலும் சீட்டுப் பார்க்கும் முன்பே இரண்டு பேர் போட வேண்டிய கட்டாயப் பந்தயம் 1, 2.

ஆஸ் ஜோடியோ ராஜா ஜோடியோ வந்தால் யோசிக்க ஒன்றுமில்லை. தொல்லையெல்லாம் 9, 10, ஜாக்கி ஜோடிகளில்தான். பார்க்க லட்சணமாக இருக்கும். எறிய மனசு வராது. எதிரே ஒருவர் ரெய்ஸுக்கு மேல் ரெய்ஸ் போட்டு, அதாவது பந்தயத்தை ஏற்றிக்கொண்டே போனால் என்ன செய்வது? நான் செயலி வாங்கியது இதற்காகத்தான்.

அடிப்படைக் கணக்கை மண்டையில் ஏற்றுவதில் குறை சொல்ல முடியாது. கையில் ஜோடி இருக்கும்போது ஃப்ளாப்பில் (நடுவில் முதலில் திறக்கும் மூன்று சீட்டில்) அதே மாதிரி மூன்றாவது சீட்டு விழ 11.8 சதவீத வாய்ப்புதான். ஜாக்கி ஜோடிக்காரருக்கு ஃப்ளாப்பில் ராணி, ராஜா, ஆஸ் இவற்றில் ஒன்றாவது வந்து நிற்க 57 சதவீதம். 9 ஜோடிக்கு அதைவிடப் பெரிய சீட்டு விழ 79. திரும்பத் திரும்பக் கேட்டு மனப்பாடம் ஆக்கிவிடுகிறது. 9 ஜோடியோடு எப்போது கால் செய்யலாம் (அவர் போட்ட அளவு நானும் போட்டு நிற்கலாம்) என்பதும் தெளிவு: நான் 6 போட்டு, அவர் 18 ஆக்கினால், இன்னும் 12 போட வேண்டும். போட்ட பிறகு இரண்டு பேரிடமும் 182 மிச்சம், அதாவது அந்த 12-க்கு 15 மடங்கு; மூன்றாவது 9 விழுந்தால் அதை வாங்கப் பார்க்கலாம். சரி, பார்க்கலாம். அதையே அவர் 40 ஆக்கினால் எறிந்துவிட வேண்டியதுதான்.

இதில் உருப்படியானது ரேஞ்ச் திரை, அதாவது எதிராளி கையில் என்னென்ன சீட்டு இருக்கலாம் என்று காட்டும் திரை. ஜாக்கி ஜோடியில் நான் 6, அவர் 18, நான் 44, அவர் மொத்தம் 200 என்று வைத்துக்கொள்ளுங்கள். கால் செய்ய இன்னும் 156. போட்டால், எறிந்துவிட்டவர்களின் கட்டாயப் பந்தயம் 3-ஐயும் சேர்த்து நடுவில் 403 சோழி சேரும். அப்படியானால் எனக்கு 39 சதவீதமாவது ஜெயிக்கும் வாய்ப்பு வேண்டும். அவரிடம் ராணி, ராஜா, ஆஸ் ஜோடிகள் இருக்க 18 வழி, ஆஸ்-ராஜா இருக்க 16 வழி. இவ்வளவுதான் என்றால் எனக்கு 36, 37 சதவீதம்தான்; எறிய வேண்டும். அவர் 10 ஜோடியோடும் இப்படிப் போடுகிற ஆள் என்றால் இன்னும் 6 வழி சேர்ந்து எனக்கு 43 ஆகிறது, கால். கையிலுள்ள சீட்டு அதேதான், அந்த 6 வழி பதிலையே புரட்டிவிடுகிறது. 799 ரூபாயில் பாதி இந்தத் திரைக்கே தகும்.

மீதிப் பாதிக்குத்தான் வருத்தம். செயலி தானாக வைத்திருக்கும் எதிராளி அளவோடு பொய்யும் கலந்து ஆடுகிறவர். ஒரே சின்னத்தில் ஆஸும் 5உம் வைத்துக்கொண்டு ஏற்றுவார். எங்கள் சம்மாட்டி (படகு முதலாளி) அப்படியா? டீ கிளாஸைப் பாய்க்கு வெளியே தள்ளி வைத்துவிட்டு, சோழியை இரண்டு கையாலும் நடுவே நகர்த்தினார் என்றால் ராஜா ஜோடி அல்லது ஆஸ் ஜோடி. வேறு எதுவும் நான் பார்த்ததில்லை. அவருக்கு எதிரே ஜாக்கி ஜோடி ஐந்தில் ஒரு தடவைகூட ஜெயிக்காது. அங்கே நான் எறிவதுதான் சரி. செயலியோ அதே இடத்தில் சிவப்புப் பெருக்கல் குறி போடுகிறது. கீழக்கரை மச்சான் இதற்கு நேர் எதிர், எதையும் வைத்து ஏற்றுவார். அவருக்கு எதிரே நான் 10 ஜோடியோடு ஆல்-இன் போனாலும், அதாவது இருக்கிற சோழி மொத்தத்தையும் வைத்தாலும் நஷ்டமில்லை. 'இவர் எப்படிப்பட்டவர்' என்று செயலி ஒரு வார்த்தை கேட்பதில்லை. ரேஞ்ச் கட்டத்தை நாமேதான் மாற்ற வேண்டும். போன் திரையில் இரண்டு சீட்டுச் சேர்க்கை ஒவ்வொன்றுக்கும் ஒன்றாக 169 கட்டங்கள், ஒவ்வொன்றும் அரிசியளவு. ஆஸ்-ராஜாவைத் தொட்டால் ஆஸ்-ராணி விழுகிறது. சேமித்ததும் வேறு திரைக்குப் போய்த் திரும்பினால் பழையபடி ஆகிவிடுகிறது! இரண்டு முறை எழுதினேன். பதில் ஆங்கிலத்தில், நன்றி மட்டும்.

தமிழ் இல்லை. இணையம் இல்லாமலும் ஓடுவது நல்லது. இலவசப் பதிப்பில் வாய்ப்புக் கணக்கெல்லாம் உண்டு, ரேஞ்ச் திரை இல்லை. புதிதாகப் பழகுகிறவர்கள் அதோடு நிறுத்திக்கொள்ளலாம். வீட்டில் டேப்லெட் இருந்தால் சந்தா கட்டுங்கள். என் போன் மாதிரி 5 அங்குலத்தில் வேண்டாம்.