தண்டர்பேர்டும் பொதுக் கேலண்டரும்: மதுரை வக்கீல் அலுவலகத்தின் நீண்டகால அனுபவம்

மதுரையில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் நிர்வாக வேலை பார்க்கிறேன். சீனியர், சில ஜூனியர்கள், ஒரு குமாஸ்தா, நான். எங்கள் கேஸ்கள் ஒத்தக்கடைப் பக்கம் உயர் நீதிமன்றக் கிளையிலும், மாவட்ட நீதிமன்றத்திலும், மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி கோர்ட்டுகளிலும் சிதறிக் கிடக்கின்றன. ஒரே நாள் காலை 10:30 மணிக்கு மூன்று ஊரில் வாய்தா (வழக்கு விசாரணைத் தேதி) இருக்கும். யார் எந்தக் கேஸ் கட்டை எடுத்துக்கொண்டு எங்கே போவது என்பது முந்தின நாள் சாயங்காலமே முடிவாகிவிட வேண்டும். வாய்தாவுக்கு வாதி தரப்பில் யாரும் போகாவிட்டால் வழக்கு தள்ளுபடியாகலாம். பிரதிவாதி தரப்பு வராவிட்டால் எக்ஸ்பார்ட்டி (அவர் இல்லாமலே வழக்கு நடப்பது) ஆகிவிடலாம். அடி விழுவது கட்சிக்காரருக்கு. அதனால்தான் கேலண்டர் எல்லாத் திரையிலும் ஒன்றுபோல இருப்பதை நான் இவ்வளவு பெரிய விஷயமாக எடுத்துக்கொள்கிறேன்.

மெயிலுக்கும் கேலண்டருக்கும் தண்டர்பேர்டைச் சில வருடங்களாகப் பயன்படுத்துகிறோம். காசில்லாத மென்பொருள். முன்பு லைட்னிங் என்று தனியாகச் சேர்க்க வேண்டியிருந்த கேலண்டர், 2015-இல் வந்த 38-ஆம் பதிப்பிலிருந்து கூடவே வருகிறது. ஆனால் தண்டர்பேர்டு என்பது பார்க்கவும் எழுதவும் உள்ள ஜன்னல்தான். கேலண்டர் உண்மையில் இருக்கும் இடம் மெயில் சேவையின் சர்வர். 'சிங்க் ஆகவில்லை' (ஒரு கணினியில் மாற்றியது மற்றதில் வரவில்லை) என்று யாராவது சொன்னால், கோளாறு ஜன்னலிலா, சர்வரிலா, நடுவில் உள்ள வழியிலா என்று பிரித்துப் பார்ப்பதுதான் முதல் வேலை. சர்வரின் இணையப் பக்கத்தில் நேராக நுழைந்து பாருங்கள். புது வாய்தா அங்கே இருந்தால், எழுதிய கணினியில் குறையில்லை, பார்க்கும் கணினியைத்தான் கவனிக்க வேண்டும். அங்கேயே இல்லை என்றால் எழுதியவரின் கணினிக்குப் போக வேண்டும். இந்த ஒரு சோதனை பாதி அலைச்சலை மிச்சப்படுத்தும்.

எங்களுக்கு ஆரம்பத்தில் இருந்த பெரிய சிக்கல் இது: ஒரு ஜூனியர் தேதியை மாற்றுவார், அது அவர் திரையில் மட்டும் மாறும். இன்னொருவருக்குப் பழைய தேதியே நிற்கும். காரணம், கேலண்டர் இணைக்கப்பட்டிருந்த விதம். முதலில் அமைத்துக் கொடுத்தவர் சில கணினிகளில் ஐசிஎஸ் கோப்பை (கேலண்டர் பதிவுகளைச் சேமிக்கும் கோப்பு வகை) இறக்குமதி செய்துவிட்டிருந்தார், சிலவற்றில் ஐசிஎஸ் சுட்டியைக் கொடுத்திருந்தார். இறக்குமதி செய்தது அந்தக் கணினியோடு முடிந்தது, அதற்கும் சர்வருக்கும் பிறகு தொடர்பே இல்லை. ஐசிஎஸ் சுட்டி கொஞ்சம் பரவாயில்லை, அவ்வப்போது புதுப்பித்துக்கொள்ளும். ஆனால் பெரும்பாலும் படிக்க மட்டும்தான் விடும். வக்கீல் டைரியை ஜெராக்ஸ் எடுத்து ஆளுக்கொன்று கொடுத்துவிட்டு, எல்லோரும் ஒரே டைரியில் எழுதுகிறோம் என்று நினைத்தால் எப்படி இருக்கும், அந்த நிலைமை.

மருந்து கேல்டாவ். சர்வரில் உள்ள கேலண்டரைப் பல கருவிகளிலிருந்து பார்க்கவும் திருத்தவும் உதவும், 2007-இல் ஆர்எஃப்சி 4791 என்ற எண்ணில் வெளியான பொதுத் தரநிலை அது. இதில் ஒவ்வொரு வாய்தாவும் சர்வரில் தனித்தனிப் பதிவாக இருக்கிறது, எல்லோரும் அந்த ஒரே பதிவைத்தான் திருத்துகிறார்கள். உங்கள் கணினியில் எது இருக்கிறது என்று தெரிந்துகொள்ள, தண்டர்பேர்டின் இடப்பக்கம் கேலண்டர் பெயர்மேல் ரைட் கிளிக் செய்து பிராப்பர்டீஸ் திறங்கள். முகவரி ஐசிஎஸ் என்று முடிந்தால் அநேகமாக ஜெராக்ஸ்தான். அதை எடுத்துவிட்டு, புதிய கேலண்டர், நெட்வொர்க்கில் உள்ளது என்று தேர்ந்தெடுத்து, பயனர் பெயரையும் மெயில் சேவை தரும் கேல்டாவ் முகவரியையும் கொடுக்க வேண்டும். பழையதை எடுப்பதற்கு முன்னால் அதிலுள்ளதை ஏற்றுமதி செய்து வைப்பது அவசியம். புதியதில் அதை இறக்குமதி செய்வதை ஒரே ஒரு கணினியில் மட்டும் செய்யுங்கள். ஆளாளுக்குச் செய்தால் ஒரே வாய்தா இரண்டு மூன்றாக நிற்கும், அப்புறம் எது அசல் என்று பிரிப்பது பெரும்பாடு.

அதே பிராப்பர்டீஸ் பெட்டியில் இன்னும் மூன்று விஷயங்கள் உண்டு. புதுப்பிக்கும் இடைவெளியை அரை மணியிலிருந்து 5 நிமிடமாகக் குறைத்தோம். கோர்ட் வளாகத்திலிருந்து ஜூனியர் போட்ட தேதி அலுவலகத்தில் சீக்கிரம் தெரிகிறது. 'ரீட் ஒன்லி' கட்டத்தில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். எழுத முடியவில்லை என்ற புகார் பல நேரம் அங்கேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால் சர்வரில் அவருக்கு எழுதும் உரிமை கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூன்றாவது 'ஆஃப்லைன் சப்போர்ட்'. இது கணினியிலேயே ஒரு நகல் வைத்துக்கொள்கிறது. இணையம் போனாலும் வாய்தா தெரியும், நல்லதுதான். ஆனால் சில சமயம் அந்த நகல் கெட்டுப்போய், சர்வரில் அழித்த தேதி இங்கே பிடிவாதமாக நிற்கும். அப்போது கேலண்டரை அன்சப்ஸ்கிரைப் செய்து மறுபடி சேர்த்தால் நகல் புதிதாக உருவாகிவிடும். அந்தப் பெட்டியில் 'டெலீட்' என்று கேட்டால் மட்டும் நின்று நிதானமாகப் படியுங்கள். அது சர்வரில் உள்ள கேலண்டரையே அழிக்கக்கூடும்.

நேரக் கோளாறு தனி ரகம். இந்திய நேரம் உலகப் பொது நேரத்தைவிட 5 மணி 30 நிமிடம் முன்னால். கோடை நேர மாற்றம் நமக்குக் கிடையாது. அதனால் பிழை வந்தால் அளவு மாறாமல் அதே ஐந்தரை மணியாக நிற்கும், கண்டுபிடிப்பது சுலபம். 10:30 வாய்தா ஒரு கணினியில் விடிகாலை 5:00 என்று காட்டினால், அந்தக் கணினியின் நேர மண்டலம் பொது நேரத்தில் நிற்கிறது. எல்லோருக்கும் மாலை 4:00 என்று காட்டினால், அதைப் பதிந்தவரின் கணினியைப் பாருங்கள். விண்டோஸில் சென்னை, கொல்கத்தா, மும்பை, புதுடெல்லி என்ற வரியும், தண்டர்பேர்டின் கேலண்டர் அமைப்பில் ஏசியா/கொல்கத்தாவும் இருக்க வேண்டும்.

விடுமுறைகளை எப்போதும் 'முழு நாள்' என்று போடுங்கள். நள்ளிரவு 12 முதல் 12 வரை என்று மணிக்கணக்கில் போட்டால், நேர மண்டலம் தவறிய போனில் முந்தின நாளுக்கும் வழிந்துவிடும். அழகர் ஆற்றில் இறங்கும் நாளுக்கு உள்ளூர் விடுமுறை உண்டு. அதை வருடா வருடம் தானே வரும் நிகழ்வாகப் போடக் கூடாது. சித்ரா பௌர்ணமியை ஒட்டி வருவதால் ஆங்கிலத் தேதி ஒவ்வொரு வருடமும் மாறும்.

போன்தான் எங்களை அதிகம் படுத்தியது. ஆண்ட்ராய்டில் கேல்டாவ் இயல்பாக இல்லை. 2024-இல் வந்த ஆண்ட்ராய்டு தண்டர்பேர்டு மெயிலுக்கானது, எங்கள் கேலண்டர் வேலைக்கு அது பயன்படவில்லை. எனவே டேவ்எக்ஸ்5 என்ற செயலியைப் போட்டோம். பிளே ஸ்டோரில் காசு கொடுக்க வேண்டும், எஃப்-டிராய்டு என்ற இன்னொரு செயலிக் கடையில் இலவசம். அது சர்வரிலிருந்து எடுத்துக் கொடுப்பதைப் போனிலுள்ள கேலண்டர் செயலி காட்டும். போட்டதும் வேலை முடிந்தது என்று விட்டுவிடக் கூடாது. ஒத்திசைவு இடைவெளி தொடக்கத்தில் 4 மணி நேரம் என்று இருக்கும். 15 நிமிடம் வரை குறைக்கலாம். அப்படிக் குறைத்த பிறகும் சில போன்களில் தேதி வராது. பேட்டரியை மிச்சம் பிடிக்கப் போனே பின்னணியில் ஓடும் செயலியை நிறுத்திவிடுவதுதான் காரணம். பேட்டரி அமைப்பில் டேவ்எக்ஸ்5-க்குக் கட்டுப்பாடு வேண்டாம் என்று சொல்லி, தானே தொடங்கும் அனுமதியையும் கொடுத்த பிறகுதான் எங்கள் ஜூனியர்கள் போனில் நிலைமை சீரானது. பழைய வாய்தாக்கள் காணவில்லை என்று பயப்பட வேண்டாம்: 90 நாளுக்கு முந்தியவற்றை அது இயல்பாகவே எடுப்பதில்லை, அமைப்பில் மாற்றிக்கொள்ளலாம். ஐபோனில் இந்த அலைச்சல் கிடையாது. கேலண்டர் கணக்கு சேர்க்கும் இடத்திலேயே கேல்டாவ் இருக்கிறது.

சீனியர் சார் போனில் படிக்க மட்டும் என்று வைத்திருக்கிறோம். காரில் போகும்போது பார்ப்பார், விரல் பட்டு ஒரு வாய்தா வேறு நாளுக்கு நகர்ந்தால் யாருக்கும் தெரியாது. மாற்ற வேண்டுமென்றால் குமாஸ்தா அண்ணனிடம் சொல்லிவிடுவார்.

இரண்டு பேர் ஒரே பதிவை ஒரே நேரத்தில் திருத்தினால், சர்வரில் இது ஏற்கெனவே மாறிவிட்டது என்று தண்டர்பேர்டு நிறுத்திக் கேட்கும். எனக்கு இந்த மென்பொருளில் மிகவும் பிடித்த குணம் இது. அவசரத்தில் நம் திருத்தத்தைத் திணித்துவிடத்தான் கை போகும். எங்கள் அலுவலக வழக்கம், நம்முடையதை விட்டுவிட்டு, சர்வரில் உள்ளதை ஏற்றி, மற்றவர் என்ன மாற்றினார் என்று பார்த்த பிறகு மறுபடி எழுதுவது.

நினைவூட்டல் மணியில் மட்டும் எனக்குத் திருப்தி இல்லை. அது நிகழ்வுக்குள்ளேயே சேமிக்கப்படுவதால், ஒருவர் தன் கணினியில் நிறுத்தினால் மற்றவருக்கும் அடிக்காமல் போக வாய்ப்பு இருக்கிறது. ஆகவே பொதுக் கேலண்டரின் மணியை நாங்கள் நம்புவதில்லை. கண்டிப்பாகப் போக வேண்டிய வாய்தாவை ஜூனியர் தன் சொந்தக் கேலண்டரிலும் போட்டுக்கொள்கிறார்.

மெயில் கடவுச்சொல்லை மாற்றும் நாளில் கேலண்டர் சத்தமில்லாமல் நின்றுவிடும். பழைய தேதிகள் திரையில் அப்படியே தெரிவதால் சந்தேகமே வராது. கேலண்டர் பெயர் அருகே எச்சரிக்கைக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். இரட்டைச் சரிபார்ப்பு (கடவுச்சொல்லோடு இன்னொரு சான்றும் கேட்பது) போட்டிருந்தால், மெயில் சேவையைப் பொறுத்து, தண்டர்பேர்டுக்கும் போனுக்கும் தனிச் செயலிக் கடவுச்சொல் எடுக்க வேண்டியிருக்கும்.

கேலண்டர் எவ்வளவு சரியாக ஓடினாலும், கோர்ட் வெளியிடும் காஸ் லிஸ்ட்தான் (அன்றன்று விசாரணைக்கு வரும் வழக்குகளின் பட்டியல்) முடிவானது. தினம் சாயங்காலம் குமாஸ்தா அண்ணன் மறுநாள் லிஸ்ட்டையும் வழக்கு விவரம் காட்டும் இ-கோர்ட்ஸ் செயலியையும் வைத்துக்கொண்டு கேலண்டரைச் சரிபார்க்கிறார்.

எங்களைப் போன்ற சின்ன அலுவலகத்துக்கு இந்த ஏற்பாட்டைத் தாராளமாகச் சொல்வேன். மீட்டிங் அறை ஒதுக்கீடு, ஊழியர் எல்லோருடைய ஓய்வு நேரத்தையும் பார்த்து நேரம் குறிப்பது என்றெல்லாம் தேவைப்படும் பெரிய இடங்களுக்கு இது போதாது. எதைப் பயன்படுத்தினாலும் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். நாங்கள் மாதம் ஒருமுறை கேலண்டரை ஐசிஎஸ் கோப்பாக ஏற்றுமதி செய்து பென் டிரைவில் வைக்கிறோம். அதை வேறொரு கணினியில், சர்வரோடு தொடர்பில்லாத தனிக் கேலண்டரில் திறந்து, அடுத்த வார வாய்தாக்கள் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்த பிறகுதான் போன மாதப் பிரதியை அழிப்போம்.