அந்த நுரை அழுக்கு இல்லை, தரை

சித்திரையில் தங்கைக்கு வளைகாப்பு. வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று முடிவானதும் அம்மாவின் கண் நேராகத் தரைக்குத்தான் போனது. திருச்சியில் அப்பா 1986ல் கட்டிய வீடு. ஹாலிலும் சமையலறையிலும் மொசைக், பூஜை அறையில் கடப்பா கல், பிற்பாடு எடுத்த மாடியில் டைல்ஸ். சிலிண்டர் நின்ற இடத்தில் துரு வளையம், விளக்கடியில் எண்ணெய்க் கறை, போர் தண்ணீரின் வெள்ளைப் படலம் என்று எல்லாம் இருந்தது.

வாசலில் கிடந்த தரை கிளீனிங் நோட்டீஸைப் பார்த்து நான்தான் போன் செய்தேன். "எந்தத் தரையா இருந்தாலும் ஒரே நாள்ல புதுசாக்கிடலாம் சார்" என்றார் எடுத்த ஆள். சதுர அடிக்கு 8 ரூபாய், மொத்தம் 750 சதுர அடி, 6000 ரூபாய். பாதி அட்வான்ஸ். 'எந்தத் தரையா இருந்தாலும்' என்ற இடத்திலேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

அவரும் இன்னொருவருமாக இரண்டு பேர் வந்தார்கள். லேபிள் இல்லாத வெள்ளை கேன்கள். முதலில் மாடி டைல்ஸ். கட்டும்போது படிந்த சிமென்ட் கறைகூடப் போய்ப் பளிச்சென்று ஆனது. ஜாயின்ட்களில் இருந்த சிமென்டும் சேர்ந்து கரைந்திருந்ததைப் பிறகுதான் கவனித்தேன். அந்தப் பளிச்சில் மயங்கி, கீழேயும் செய்யச் சொன்னேன்.

மொசைக்கில் ஊற்றியதும் பொங்கியது பாருங்கள், சோப்புத் தண்ணீர் மாதிரி நுரை. "பாருங்க சார், முப்பது நாப்பது வருஷ அழுக்கு எப்படிக் கிளம்புது" என்று போனில் படம்கூட எடுத்துக்கொண்டார். நானும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அது அழுக்கே இல்லை. கேனில் இருந்தது ஆசிட். மொசைக் என்பது சிமென்டில் பதித்த மார்பிள் சல்லி. மார்பிள் கால்சியம் கார்பனேட். ஆசிட் பட்டால் கரைந்து கார்பன் டை ஆக்சைடாகப் பொங்கும். கடப்பா கல்லும் சுண்ணாம்புக் கல் வகைதான். அதாவது, நுரையாகப் போனது எங்கள் தரையின் மேல்தோல்.

பாத்ரூமில் ஆசிட் ஈரம் காயும் முன்பே பிளீச்சிங் பவுடரைத் தூவப் போனார்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு. நல்லவேளை, அம்மா சத்தம் போட்டு நிறுத்தினார். ஆசிட் புகையில் கேட் கீல்களும் சைக்கிள் கம்பிகளும் ஒரு வாரத்தில் துருப்பிடித்தது தனிக் கதை.

கடைசியில் மெழுகு மாதிரி ஒன்றைத் துணியில் தொட்டுப் பூசினார்கள். தரை மின்னியது. மீதிப் பணத்தையும் கொடுத்துவிட்டேன், பில் கேட்கவில்லை. வளைகாப்புக்கு வந்தவர்கள் எல்லாம் "தரை புதுசா?" என்று கேட்டார்கள்.

இரண்டு வாரம் துடைத்ததில் மெழுகு போனது. அடியில் வெளிறிப்போன, காலில் சொரசொரவென்று உறுத்தும் தரை. முன்பெல்லாம் காபி சிந்தினால் துடைத்தால் போய்விடும். இப்போது மேல்பளபளப்பு அரித்துவிட்டதால் உடனே உள்ளே இறங்கிக் கறையாகிறது. போன் செய்தால், "மொசைக்கே பழசு சார்" என்றார். அப்புறம் எடுப்பதே இல்லை.

மொசைக் பாலிஷ் போடும் பெரியவர் ஒருவர் வந்து கையால் தடவிப் பார்த்தார். "தம்பி, எலுமிச்சம்பழம் தேய்க்கலாம், வினிகர் ஊத்தலாம்னு சொல்றதும் இதே வேலைதான், கொஞ்சம் மெதுவா" என்றார். தரை என்ன கல் என்று தெரியாவிட்டால், கட்டிலுக்கு அடியில் ஒரு மூலையில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விடச் சொன்னார். பொங்கினால் ஆசிட் பக்கமே போகக்கூடாது. விளக்கடி எண்ணெய்க் கறைக்குச் சமையல் சோடாவைக் கெட்டியாகக் குழைத்துப் பூசி, பிளாஸ்டிக் தாளால் மூடி ஒரு நாள் விட்டால் எண்ணெயை இழுத்துக்கொள்ளும். பழைய கறை என்றால் இரண்டு மூன்று தடவை. மற்றபடி தினமும் மென்மையான சோப்புத் தண்ணீர் போதுமாம்.

ஹாலின் 350 சதுர அடியை மட்டும் மிஷின் வைத்து, பாலிஷ் கல்லை மாற்றி மாற்றித் தேய்த்தார். சதுர அடிக்கு 35 ரூபாய், 12,250 ஆனது. பூஜை அறைக் கடப்பாவில் ஆசிட் பட்ட வெள்ளைத் திட்டு அப்படியே இருக்கிறது. அதன் மேல் அம்மா மணையைப் போட்டு வைத்திருக்கிறார்.

போன வாரம் அந்த ஆளின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸைப் பார்த்தேன். "முன்", "பின்" என்று இரண்டு படங்கள். "பின்" படத்தில் பொங்கும் நுரைக்கு நடுவே தெரிகிற பச்சைச் சல்லி எங்கள் ஹாலுடையது.